பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கேம்: ஆறாவது லெவல் குண்டன்கிட்ட தோத்துக்கிட்டே இருக்கோம். வாள் சண்டையை எப்படிப் படிக்கிறது?

பாளைக்காரன்78 | பாளையங்கோட்டை

எல்லாருக்கும் வணக்கம்.

1996ல பிளஸ் டூ முடிச்சுட்டு சமாதானபுரம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல சேர்ந்தேன். செருப்பை வாசல்ல கழட்டிப் போட்டுட்டுத்தான் ஏசி ரூமுக்குள்ள போகணும். டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ்னு பாடம். பிராக்டிகல் நேரத்துல சார் வெளியே டீ குடிக்கப் போனார்னா எல்லா மானிட்டர்லயும் பிரின்ஸ் ஓட ஆரம்பிச்சிருவான். நான் ஆறாவது லெவல் வரைக்கும் போவேன். அங்க ஒரு குண்டுக் காவலாளி நிப்பான். அவனை ஒரு நாள்கூட ஜெயிச்சதில்ல. கோர்ஸ் முடிஞ்சது, வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆச்சு. குண்டன் அங்கனயே நிக்கான்.

இப்பம் என் மக ஆறாங்கிளாஸ். காலாண்டு லீவுக்கு லேப்டாப்ல டாஸ்பாக்ஸ் (பழைய டாஸ் கேமை ஓட விடுற சாப்ட்வேர்) போட்டு இந்த கேமை எடுத்துக் கொடுத்தேன். ஓட்டம், தாவல், விளிம்பைப் பிடிச்சுத் தொங்குறது எல்லாம் ரெண்டே நாள்ல என்னை மிஞ்சிட்டா. ஆனா வாளை உருவுற இடம் வந்தா நான் 1996ல செஞ்சதையே அவளும் செய்யுதா. கண்ணை மூடிக்கிட்டு ஷிப்ட்டைத் தட்டுதா. நேத்து ராத்திரி குண்டன்கிட்ட பதினோரு தடவை செத்துட்டு அழுதுட்டா.

சண்டையை முறையாப் படிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. நிதானமா, அவளுக்கு வாசிச்சுக் காட்டுற மாதிரி.

---

ஜங்ஷன்_தம்பி | திருநெல்வேலி

அண்ணாச்சி, கேமைத் திறக்கும்போது டாஸ்ல 'பிரின்ஸ் மெகாஹிட்'னு அடிங்க. வேற வெர்ஷனா இருந்தா 'பிரின்ஸ் இம்ப்ரூவ்டு'. அப்புறம் ஷிப்டும் எல்லும் சேர்த்துத் தட்டினா அடுத்த லெவல். பாப்பா எதுக்கு அழணும்?

---

குற்றாலச்சாரல் | தென்காசி

தம்பி, நல்ல மனசுலதான் சொல்லுதிய. ஆனா அவர் கேட்டது தாண்டிப் போறதுக்கு வழி இல்ல, படிக்கிறதுக்கு வழி.

பாளைக்கார அண்ணாச்சி, நான் 1995ல இருந்து மூணு வருஷம் தென்காசியில ஒரு சென்டர்ல இன்ஸ்ட்ரக்டரா இருந்தேன். சாயங்காலம் பசங்க போனதும் கதவைச் சாத்திட்டு நான் விளையாடுவேன். என் டேபிள்ல இருந்தது கருப்பு வெள்ளை மானிட்டர். குடுவையில கொதிக்கிறது சிவப்பா நீலமான்னு தெரியாது, அதனால மருந்து எது விஷம் எதுன்னு குடிச்சுப் பார்த்துத்தான் மனப்பாடம் பண்ணுனேன். இந்த கேமை முழுசா முடிச்சிருக்கேன், அதுவும் பல தடவை. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன்.

இந்தச் சண்டையில மொத்தம் அஞ்சு சாவிதான். ஷிப்ட் தட்டினா வெட்டு. அப் ஆரோ தட்டினா தடுப்பு. லெப்டும் ரைட்டும் முன்னே பின்னே ஒரு எட்டு. டவுன் ஆரோ வாளை உறையில போடும். இதுல எல்லாரும் வெட்டை முதல்ல படிக்கிறாங்க. நீங்க தடுப்பை முதல்ல படிங்க.

எதிராளி வாள் வீசும்போது அப் ஆரோவை ஒரு தட்டு. தட்டு தட்டா இருக்கணும், அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. பிடிச்சுக்கிட்டே இருந்தா முதல் தடுப்போட சரி, அடுத்த வீச்சுக்குக் கை தூக்க மாட்டான், நெஞ்சுல வாங்குவான். விட்டு விட்டுத் தட்டணும். வாளும் வாளும் மோதுற 'டிங்' சத்தம் கேட்டதும் ஷிப்ட். தடுத்த கை அப்படியே திரும்பி வெட்டா மாறும். இந்த மாற்றத்துக்குன்னே கேம்ல தனி அசைவு வச்சிருக்காங்க, சும்மா நின்னு வெட்டுறதைவிட இது வெரசா வரும். அவன் அதையும் தடுத்துட்டு உடனே திருப்பி வெட்டுவான். நீங்க மறுபடியும் அப், மறுபடியும் ஷிப்ட். டிங், டிங், டிங்னு போய்க்கிட்டே இருக்கும். யாருக்கு முதல்ல தாளம் தப்புதோ அவங்களுக்கு ஒரு முக்கோணம் குறையும். திரைக்கு அடியில தெரியுற அந்த முக்கோணம்தான் உயிர்க் கணக்கு.

ரெண்டாவது, தூரம். வாள் எட்டாத இடத்துல நின்னுக்கிட்டு அவனை வர விடுங்க. காலெடுத்து முன்னால வைக்கிற நேரத்துல அவனால தடுக்க முடியாது. அந்த ஒரு எட்டுல ஒரு ஷிப்ட். நீங்க அவனைத் தேடிப் போனா இதே கதி உங்களுக்கு.

குண்டன் விஷயம்: நான் பார்த்த வரைக்கும் முதல் வெட்டை அவன் தடுக்காம விட்டது அபூர்வம். அதனால முதல் வெட்டுல அவனை அடிக்கணும்னு நினைக்காதீங்க. அது அவன் கையை வேலை செய்ய வைக்கிறதுக்கான வெட்டு. அடி விழப்போறது ரெண்டாவதுலயோ மூணாவதுலயோதான்.

இன்னொன்னு. பாப்பா பதற்றத்துல டவுன் ஆரோவைத் தட்டுதாளான்னு பக்கத்துல இருந்து பாருங்க. வாளை உறையில போட்டுட்டு காவலாளி முன்னால நின்னா எத்தனை முக்கோணம் இருந்தாலும் ஒரே வெட்டுல உயிர் போயிரும்.

---

மேலப்பாளையம்_சர்வீஸ் | மேலப்பாளையம்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன். அக்கா சொன்னதெல்லாம் கைக்கு. நான் மிஷினைப் பத்திச் சொல்றேன், ஏன்னா பாதிப் பேர் தோக்கிறது அங்கதான்.

விண்டோஸ்ல ஷிப்ட்டை வரிசையா அஞ்சு தடவை தட்டினா 'ஸ்டிக்கி கீஸ்'னு ஒரு பெட்டி வந்து நிக்கும். அது சண்டைக்கு நடுவுல வந்தா கேம் விண்டோ பின்னால போயிரும், பாப்பா தட்டுறது எதுவும் உள்ள சேராது. செட்டிங்ஸ்ல அக்ஸசபிலிட்டி, கீபோர்டு போய் அந்த ஷார்ட்கட்டை நிறுத்திருங்க. முதல் வேலையா இதைச் செய்யுங்க.

அடுத்தது, லேப்டாப் கீபோர்டுல ஆரோ சாவி நாலும் குட்டி குட்டியா, அப்பும் டவுனும் ஒரே சாவியைப் பாதியா வெட்டுன மாதிரி இருக்கும். தடுப்புன்னு நினைச்சு உறையில போட்டுருவாங்க. நூறு இருநூறு ரூபாய்க்கு பழைய யுஎஸ்பி கீபோர்டு கிடைக்கும், அதை மாட்டுங்க.

டிவியில எச்டிஎம்ஐ போட்டு விளையாடுறீங்கன்னா 'கேம் மோடு' போடுங்க. இந்த கேம் டாஸ்ல சாதாரணமா நொடிக்கு 12 படம் ஓடும், வாள் உருவினா 10 படமாக் குறையும். ஒரு படம்னா நொடியில பத்துல ஒரு பங்கு. டிவி அதே அளவுக்குப் படத்தைத் தாமதமாக் காட்டிச்சுன்னா, நீங்க வீச்சைப் பார்க்கும்போது அது முடிஞ்சே போச்சுன்னு அர்த்தம். டாஸ்பாக்ஸ்ல திக்கித் திக்கி ஓடினா கண்ட்ரோலும் எஃப்12ம் தட்டி வேகத்தைக் கொஞ்சம் ஏத்திக்கோங்க.

---

பாளைக்காரன்78

அக்கா, பாய், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்தப் பெட்டி நேத்து நாலு தடவை வந்தது. நான் ஏதோ வைரஸ்னு நினைச்சு மூடி மூடி விட்டுக்கிட்டு இருந்தேன். இப்பம் நிறுத்தியாச்சு. மாடியில கிடந்த பழைய கீபோர்டைத் துடைச்சு மாட்டியாச்சு.

தடுப்பைத் தனியா பழக ஏதாவது இடம் இருக்கா? குண்டன்கிட்ட போய்ப் பழகினா நாலு வீச்சுல கதை முடிஞ்சிருது. மறுபடியும் அவன் முன்னால வந்து நிக்கிறதுக்குள்ள பிள்ளைக்கு அக்கா சொன்னது மறந்துருது.

---

குற்றாலச்சாரல்

இருக்கு. மூணாவது லெவல்ல ஒரு எலும்புக்கூடு தரையில கிடக்கும்லா? வெளியேறுற கதவைத் திறந்துட்டு வரும்போது எந்திரிச்சு வாளைப் பிடிக்கும். அதுக்கு முக்கோணமே கிடையாது, வெட்டிக் கொல்லவே முடியாது. பள்ளத்துல தள்ளித்தான் விடணும். எல்லாரும் அதைக் கண்டு பயப்படுவாங்க. எனக்கு அதுதான் வாத்தியார். ஷிப்ட்டைத் தொடாம, அப் ஆரோவை மட்டும் வச்சுக்கிட்டு அது முன்னால நிக்கச் சொல்லுங்க. பத்து வீச்சைத் தொடர்ந்து தடுத்தாச்சுன்னா அடுத்து தடுப்பு வெட்டு, தடுப்பு வெட்டு. கண்ட்ரோல் ஏ தட்டினா லெவல் முதல்ல இருந்து வரும்.

இந்தப் பழக்கத்துக்குன்னு தனியா ஒரு ஆட்டம் வச்சுக்கோங்க. ஏன்னா இந்த கேம்ல மொத்தமே 60 நிமிஷம். செத்தா உயிர் திரும்ப வரும், நேரம் திரும்ப வராது. கண்ட்ரோல் ஜி போட்டுச் சேமிச்சாலும் அந்த நேரத்துல மிச்சம் எவ்வளவோ அதோடதான் சேமிக்கும். குண்டன்கிட்ட வரும்போது பாப்பா கையில எத்தனை நிமிஷம் இருக்கு? ஸ்பேஸ் பார் தட்டினா காட்டும்.

---

பாளைக்காரன்78

14 நிமிஷம் அக்கா.

---

குற்றாலச்சாரல்

அப்போ குண்டனை ஜெயிச்சாலும் மிச்ச ஆறு லெவலுக்கும் அது காணாது. அந்தச் சேமிப்பை விட்டுருங்க. எலும்புக்கூட்டுக்கிட்ட பழகி முடிச்சதும் முதல்ல இருந்து ஒரு ஆட்டம் தொடங்கி, ஆறாவது லெவலுக்கு வரும்போது நாற்பதுக்குப் பக்கம் இருக்கிற மாதிரி வரச் சொல்லுங்க. வழி தெரிஞ்ச பிள்ளைக்கு அது கஷ்டமில்ல.

---

பேட்டை_ராஜா | திருநெல்வேலி

மன்னிக்கணும், நான் கொஞ்சம் மாத்துக் கருத்து சொல்றேன். முப்பது வருஷமா பார்த்துட்டேன், இந்தச் சண்டை பாதிக்கு மேல அதிர்ஷ்டம். ஒரே காவலாளி, ஒரே இடம், ஒரே மாதிரி வெட்டு. ஒரு நாள் தடுக்கான், ஒரு நாள் தடுக்காம நெஞ்சைக் காட்டுதான். இதுல படிக்க என்ன இருக்கு? நிறைய ஆடினா ஒரு நாள் விழும், அவ்வளவுதான்.

---

நிரல்பொருநை | சென்னை (ஊர் வி.கே.புரம்)

அண்ணாச்சி, நீங்க கண்ணால பார்த்தது சரிதான். அதுல இருந்து எடுத்த முடிவைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன்.

இந்த கேமை எழுதின ஜோர்டான் மெக்னர் 1989ல ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்குத்தான் முதல்ல செஞ்சார். அதோட மூல நிரல் இருந்த ஃபிளாப்பிகள் ரொம்ப வருஷம் காணாமக் கிடந்து, 2012ல அவங்க அப்பா வீட்டுல ஒரு பெட்டிக்குள்ள கண்டுபிடிச்சாங்க. அவர் அதை எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிட்டுட்டார். நான் உட்கார்ந்து படிச்சேன். என் தொழிலே இதுதான்னாலும், சின்ன வயசுல சண்டை போட்ட ஆளோட மனசுக்குள்ள என்ன ஓடிச்சுன்னு எழுத்துல பார்க்கும்போது மேல் சிலிர்த்துட்டு.

ஒவ்வொரு வகைக் காவலாளிக்கும் சில எண்கள் எழுதி வச்சிருக்கார். வெட்ட எவ்வளவு வாய்ப்பு, தடுத்த பிறகு திருப்பி வெட்ட எவ்வளவு, வர்ற வெட்டைத் தடுக்க எவ்வளவு, அவனோட வெட்டை நாம தடுத்துட்டுத் திருப்பி வெட்டினா அதைத் தடுக்க எவ்வளவு, முன்னால நடந்து வர எவ்வளவு, அடி வாங்கினா எவ்வளவு நேரம் சும்மா நிப்பான். ஒவ்வொரு தடவையும் 0ல இருந்து 255 வரைக்கும் ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டு இதோட ஒப்பிட்டுப் பார்க்கிறான். ஆகவே ஒரு தனி வெட்டு விழுமா விழாதாங்கிறது அதிர்ஷ்டம்தான். பேட்டை அண்ணாச்சி சொன்னது அதுவரைக்கும் உண்மை.

ஆனா இந்தக் குலுக்கல் எல்லாம் காவலாளிக்கு மட்டும். இளவரசனோட தடுப்புக்குக் குலுக்கல் கிடையாது. சரியான நேரத்துல தட்டினா தடுத்தே தீரும், நூத்துக்கு நூறு. அதனால நாம உயிரோட இருக்கிறது நம்ம கையில, அவன் எப்போ விழுவாங்கிறதுதான் பகடையில. தடுப்பு உறுதியா இருந்தா பகடை நமக்குச் சாதகமா விழுற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கலாம். தடுப்பைத் தனியாக் கவனிக்கணும்னு அக்கா சொன்னது இதனாலதான். காவலாளியோட எண்களையும் இளவரசனோட தடுப்பையும் பிரிச்சு எழுதியிருக்கிற இடமும் நிரல்லயே இருக்கு.

இன்னொரு சேதி. அவர் முதல்ல சண்டையே இல்லாத கேமாத்தான் நினைச்சிருந்தார். ஆப்பிள் 2 மெமரியில இடம் பத்தல. கூட இருந்த டோமி பியர்ஸ், சண்டை இல்லாம இது நிறையாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. இளவரசனோட படத்தையே புள்ளி மாத்தி நிழல் மனுஷனை உண்டாக்கினார், அதுக்குப் புதுப் படமே தேவைப்படல. அப்புறம் இடத்தைச் சுரண்டிச் சுரண்டிக் காவலாளிகளைக் கொண்டு வந்தார். ஓட்டமும் தாவலும் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடுப்புல ஓட விட்டு எடுத்த வீடியோ. வாள் சண்டைக்கு மட்டும் 1938ல வந்த ராபின்ஹூட் படத்தோட கடைசிச் சண்டை, எரால் ஃபிளினும் பாசில் ராத்போனும் பக்கவாட்டுல தெரியுற சில நொடிகள். ரெண்டு பேர் உண்மையிலேயே வீசுன வாள் அது. அதனாலதான் ஒரு நொடிக்குப் பத்துப் படத்துலயும் தோள் எங்க திரும்புது, கை எப்போ நீளுதுன்னு நம்மால படிக்க முடியுது.

---

கம்புச்சுவடு | கல்லிடைக்குறிச்சி

கம்ப்யூட்டர் விளையாட்டு எனக்குத் தெரியாது. தம்பி மகன் இந்த இழையைக் காட்டி, "பெரியப்பா, நீங்க சொல்லுதத்தான் இவங்களும் சொல்லுதாங்க"ன்னான். முழுசும் வாசிச்சேன். அவன் போனுல அந்தச் சண்டையைப் படமாவும் போட்டுக் காட்டினான்.

எங்க அப்பா கம்பு வாத்தியார். முதல் ரெண்டு மாசம் கையில கம்பே கொடுக்க மாட்டார். காலடிதான். முன்னால ஒரு சுவடு, பின்னால ஒரு சுவடு, ஆத்து மணல்ல கால் புதையப் புதைய. அப்புறம் கம்பு கொடுத்தா தடுப்பு. எதிராளி கம்போட நுனியைப் பார்த்தா அடி விழும்பார். நுனி வெரசாப் போகும், கண்ணு அது பின்னாலயே ஓடும். தோள் பைய அசையும். தோளைப் பாரு, நுனி எங்க வரும்னு தோளே சொல்லிரும்பார்.

அந்தப் படத்துல காவலாளி வீசுறதுக்கு முன்னால முழங்கை கொஞ்சம் பின்னால போகுது. பாப்பாவை வாளைப் பார்க்காம அதைப் பார்க்கச் சொல்லுங்க.

தாளத்தைப் பத்தி ஒன்னு. கம்புல ரெண்டு பேரு வரிசை போடும்போது வாயால சொல்லிக்கிட்டே போடுவோம். மனசுக்குள்ள சொன்னா பதற்றத்துல ஓடிப்போகும், வாயால சொன்னா ஓடாது. "தடு, அடி. தடு, அடி"ன்னு அந்தப் பிள்ளை சத்தமாச் சொல்லட்டும்.

---

பாளைக்காரன்78

பெரியவரே, உங்க பதிவை மகளுக்கு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினேன். அவ சனிக்கிழமை காலையில வ.உ.சி. மைதானத்துப் பக்கம் சிலம்பப் பயிற்சிக்குப் போறவ. "எங்க மாஸ்டரும் தோளைத்தான் பார்க்கச் சொல்லுவாங்க, இதுக்கும் அதுதானாப்பா?"ன்னு கேட்டா. எனக்கு ஏன் இது முதல்லயே தோணலைன்னு தெரியல.

---

ஹாஸ்டல்_பாண்டி | திருநெல்வேலி

நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். 2019ல வந்த சேகிரோ விளையாடுறவன். அதுலயும் தடுப்புதான் உயிர், வாளும் வாளும் மோதுற சத்தத்தை வச்சுத்தான் ஆடணும். எங்க அப்பா காலத்து கேம்ல இதே விஷயம் 1989லயே இருக்குன்னு இந்த இழையைப் பார்த்துத்தான் தெரிஞ்சது. நேத்து ராத்திரி ரூம்ல நாலு பேரு போட்டுப் பார்த்தோம். முதல் லெவல்ல வாள் எடுக்காமயே காவலாளிகிட்டப் போய் ஒரே வெட்டுல செத்தோம். வாள் எங்க இருக்குன்னு தேடவே அரை மணி நேரம் ஆச்சு. இடது பக்கமாக் கடைசி வரைக்கும் போகணும்னு யாருக்கும் தோணல.

---

பேட்டை_ராஜா

நிரல் தம்பி, நீங்க சொன்ன பிறகு ஒரு சோதனை பண்ணினேன். வெட்டவே வெட்டாம தடுப்பை மட்டும் போட்டுக்கிட்டு ஒரு காவலாளி முன்னால நின்னேன். இருபத்திமூணு வீச்சு. ஒன்னுகூட என் மேல படல. இருபத்திநாலாவது என் கவனம் சிதறினதால விழுந்தது. நான் அதிர்ஷ்டம்னு சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிடுதேன்.

ஒரு சின்ன விஷயம் நானும் சேர்க்கிறேன். எங்க நின்னு சண்டை போடுறோம்னு பாருங்க. அடி வாங்கினா பின்னால தள்ளப்படுவோம். முதுகுக்குப் பின்னால பள்ளம் இருந்தா மூணு மாடி விழுந்து செத்தாச்சு. அதே மாதிரி அவனுக்குப் பின்னால விளிம்பு இருந்தா, முக்கோணம் தீருற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், தள்ளினாலே போதும்.

---

பாளைக்காரன்78

நாலு நாள் கழிச்சு எழுதுதேன்.

எலும்புக்கூட்டுக்கிட்ட ரெண்டு சாயங்காலம் பழகினா. முதல் நாள் மூணு வீச்சுக்கு மேல தடுக்க முடியல. ரெண்டாவது நாள் "தடு, தடு, தடு"ன்னு அவ சொல்லுத சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டுச்சு. அவங்க அம்மா என்னவோன்னு வந்து எட்டிப் பார்த்துட்டு, பக்கத்துல உட்கார்ந்து எண்ண ஆரம்பிச்சுட்டா. பதினேழு.

நேத்து புது ஆட்டம். குண்டன்கிட்ட வரும்போது 38 நிமிஷம். நான் பக்கத்துல மூச்சு விடாம உட்கார்ந்திருந்தேன். அவ வாளை உருவிட்டு ஒன்னுமே செய்யல. அவன் ஒரு எட்டு வந்தான். அப்பவும் ஒன்னும் செய்யல. அடுத்த எட்டு வைக்கும்போது ஒரு ஷிப்ட், அவன் தடுத்துட்டான், திருப்பி வீசினான், இவ "தடு", "அடி", அவன் தடுத்தான், "தடு", "அடி". விழுந்தது. ஒரு முக்கோணம் போச்சு அவனுக்கு. அதுக்கப்புறம் ஒரு தடவை இவளுக்கும் விழுந்தது. இவ பதறல, ஒரு எட்டு பின்னால வந்து மறுபடியும் நின்னா. கடைசி வெட்டுல அவன் சரிஞ்சு விழுந்தப்போ எனக்குத்தான் கண்ணு கலங்கிட்டு. அவ அடுத்த தாவலுக்குப் போயிட்டா.

---

குற்றாலச்சாரல்

அண்ணாச்சி, வாசிச்சுட்டு எனக்கும் அப்படித்தான். பாப்பாவுக்கு என் முத்தம்.

இனி வர்றது பத்தி ஒரு வேண்டுகோள். 12வது லெவல்ல ஒருத்தன் வருவான். யாரும் இங்க அதைப் பத்தி எழுதிராதீங்க. அண்ணாச்சி, நீங்களும் நெட்ல தேடிராதீங்க. அந்த ஒரு சண்டையை அவளே கண்டுபிடிக்கணும்.

---

நிரல்பொருநை

வழிமொழிகிறேன். நானும் வாயைத் திறக்கல.

---

பாளைக்காரன்78

இன்னைக்கு ஞாயிறு. 12வது லெவல். மேல இருந்து நிழல் மனுஷன் குதிச்சு வாளை உருவிட்டு நின்னான். இவ பழக்கப்படி காத்திருந்து, தடுத்து, அடிச்சா. அடி சரியா விழுந்தது. உடனே கையை எடுத்துட்டு என்னைப் பார்த்தா.

"அப்பா, அவனை அடிச்சா எனக்குக் குறையுது."

நான் ஒன்னும் சொல்லல. அக்கா சொன்னது ஞாபகம் இருந்தது, எனக்கும் பதில் தெரியாது. அவ எஸ்கேப் தட்டி நிறுத்திட்டு திரையையே பார்த்துக்கிட்டு இருந்தா. "நாலாவது லெவல்ல கண்ணாடியை உடைச்சுக்கிட்டுப் போனப்போ வெளியே வந்தவன்தானேப்பா இவன்?"ன்னா. அப்புறம் மறுபடியும் ஓட விட்டு, டவுன் ஆரோவைத் தட்டினா. வாள் உறைக்குள்ள போச்சு. அவனும் வாளை உறையில போட்டான். இவ நேரா நடந்து போனா. ரெண்டு பேரும் ஒன்னாயிட்டாங்க.

இப்பம் மிச்சம் 9 நிமிஷம், கடைசி வில்லன் ஜாஃபர் மட்டும் பாக்கி. கேமை நிறுத்தி வச்சுட்டுச் சாப்பிட வந்திருக்கா. இன்னைக்கு வீட்டுல சொதி. தட்டைப் பார்க்காம எடுத்து எடுத்து வாயில போடுதா, இடது கை விரல் மட்டும் மேசை மேல "தடு, அடி" போட்டுக்கிட்டு இருக்கு.